சுகிர்தாவின் ரத்தத்தில் பதினேழு

விருதுநகர்
24.06.2024

சுகிர்தா அப்பாவுக்கு,

நேற்று சொல்லாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தது தப்புதான். நீங்கள் கடைக்குப் போயிருந்தீர்கள். உங்கள் அக்கா, சின்னத்தாய் மதினி, பின்னால் துணி அலசிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் திரும்பி வந்தால் இன்னொரு சண்டை நடக்கும், அதற்கு எனக்குத் தெம்பில்லை. ஒன்பதே முக்கால் பஸ்ஸில் ஏறிவிட்டேன். வந்ததிலிருந்து எத்தனையோ முறை கூப்பிட்டுப் பார்த்தேன், நீங்கள் போனை எடுக்கவில்லை. எடுத்தாலும் இப்போது நாம் பேசுகிற பேச்சில் ஒன்றும் தேறாது. எழுதினால் கடைசி வரைக்கும் படிப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

இதோடு ரத்தப் பரிசோதனை முடிவின் நகல் இருக்கிறது. சனிக்கிழமை காட்டியபோது ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பதினேழா? பாஸ் மார்க்குக்கே பத்தாதே" என்று சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இது எப்படித் தெரியவந்தது என்று மறுபடியும் சொல்கிறேன். பட்டாசு ஊர்களில் இருக்கும் சின்னப் பிள்ளைகளின் ரத்தத்தில் ஈயம் இருக்கிறதா என்று எங்கள் ஆய்வகத்தில் பார்க்கப்போகிறோம். அதற்கு முன்னால் கருவி சரியாக அளக்கிறதா என்று பார்க்க எங்கள் ரத்தத்தையே ஏற்றினோம். சுகிர்தாவுக்குக் காய்ச்சல் வந்து ரத்தம் எடுத்த அன்று, ஒரு குழாய் கூடுதலாக வாங்கி வைத்திருந்தேன். அதையும் ஏற்றினேன். என்னுடையது ஆறு. ஆய்வகத்தில் உழல்கிறவளுக்கு அவ்வளவு இருக்கும் என்று விட்டுவிட்டேன். நம் பிள்ளைக்குப் பதினேழு. ஐந்தைத் தாண்டினாலே எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும். இது விரலில் குத்தி எடுத்த ரத்தம் இல்லை, நரம்பில் எடுத்தது. கையில் இருந்த அழுக்கு என்று சொல்ல வழியில்லை.

வயிற்றுவலி, வாந்தி என்று எதுவும் வெளியே தெரியாது. ஈயம் எலும்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். நாலு வயசு, மூளை வளர்கிற நேரம். படிப்பு, பேச்சு, நினைவு எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கை வைக்கும். இதை நான் தினமும் அடுத்தவர் பிள்ளைகளுக்காக எழுதிக் கொடுக்கிறேன்.

வாரத்தில் ஐந்து நாள் அவள் என்னோடு இங்கே இருக்கிறாள். சனி, ஞாயிறு மட்டும் அங்கே. நீங்கள் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். வெடிமருந்து அறையில் நின்றுவிட்டு வந்து அதே சட்டையோடு அவளைத் தூக்குகிறீர்கள். வேறு எதை நினைக்கச் சொல்கிறீர்கள்? கொடியில் கிடந்த உங்கள் வேலைச் சட்டையை எடுத்து வந்திருக்கிறேன், தேட வேண்டாம். அடுத்த வாரம் சுகாதார ஆய்வாளர் ஒருவர் வருவார். வீட்டுத் தரைத் தூசியும் கிணற்றுத் தண்ணீரும் எடுத்துக்கொள்ள விடுங்கள். முடிவு தெரியும்வரை பிள்ளையை அங்கே அனுப்ப மாட்டேன். நீங்களும் சனிக்கிழமை பைக்கை எடுத்துக்கொண்டு நேரே கம்பெனியிலிருந்து வராதீர்கள்.

செல்வலட்சுமி


ஏழாயிரம்பண்ணை
03.07.2024

செல்வி,

கடைசி வரைக்கும் படித்தேன். இரண்டு தடவை படித்தேன்.

கம்பெனியிலேயே தொட்டி இருக்கிறது. எல்லாரும் குளித்துவிட்டுத்தான் கிளம்புவோம். சட்டையையும் அங்கேயே மாற்றுவேன். நீ எடுத்துப் போனது தையல் விட்டிருந்தது, தைக்கலாம் என்று வீட்டுக்குக் கொண்டுவந்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீ கேட்கவில்லை. என் வீட்டில் என் கொடியில் இருந்து திருடிப் போவதுபோல் எடுத்துப் போயிருக்கிறாய்.

சிரித்தது தப்பு. ஒத்துக்கொள்கிறேன். அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால் சிரித்தேன்.

ஆய்வாளர் திங்கட்கிழமை வந்தார். நல்ல மனுஷன். தரையை ஈரத் துணியால் துடைத்து அந்தத் துணியைக் குப்பியில் போட்டுக்கொண்டார். அரிசிப்பானைக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில் எல்லாம் துடைத்தார். தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது. அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்புறம் என்னிடம், "நான் பொங்கிப் போட்ட சோத்துலதான் விசம் இருந்துச்சாமா? ஏம்லே, அவ வாயால ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லிட்டுப் போயிருக்கலாம்லா" என்று கேட்டாள்.

சனிக்கிழமை வராதே என்கிறாய். வரட்டுமா என்று கேட்டுக்கொண்டு வருகிற வீடு எனக்கு வேண்டாம். முடிவு வரட்டும். வந்த அன்றைக்கே எழுது.

பிள்ளை சாப்பிடுகிறாளா என்று மட்டும் ஒரு வரி போடு.

முனியராஜ்


விருதுநகர்
17.07.2024

சுகிர்தா அப்பாவுக்கு,

சாப்பிடுகிறாள். டாக்டர் இரும்புச்சத்து டானிக் கொடுத்திருக்கிறார். பால், முட்டை, கீரை தவறாமல் கொடுக்கச் சொன்னார். இந்த அளவுக்கு வேறு மருந்து கிடையாதாம். ஈயம் வருகிற வழியை அடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

சட்டையின் முடிவு வந்துவிட்டது. ஈயம் இருக்கிறது, நான் பயந்த அளவு இல்லை. ஆனால் பேரியம் மிக அதிகம். நீங்கள் பச்சை உப்பு என்று சொல்வீர்களே, அதுதான். கோர்ட் தடை போட்டது, அதைக் கலக்கக் கூடாது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இப்போது எழுதப்போவதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பதிவேட்டில் எண் போடாமல் எந்த மாதிரியையும் கருவியில் ஏற்ற முடியாது. எடுத்த இடம் என்று ஒரு கட்டம் உண்டு. பட்டாசுத் தொழிலாளியின் உடை, ஏழாயிரம்பண்ணை என்று எழுதினேன். உங்கள் பெயரும் கம்பெனி பெயரும் எழுதவில்லை. ஆனால் சட்டைப் பையின் மேல் கம்பெனி பெயர் தைத்திருந்தது. எங்கள் அதிகாரி லட்சுமிகாந்தம் மேடம் அதைப் பார்த்திருக்கிறார்கள். முடிவை மேலே அனுப்பிவிட்டார்கள். எனக்கு நேற்றுதான் தெரியும். கேட்டதற்கு, "பார்த்த பிறகு பார்க்காத மாதிரி இருக்க முடியாதும்மா" என்றார்கள். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

சோதனைக்கு வரலாம். முன்கூட்டியே உங்களுக்குத் தெரியட்டும் என்றுதான் இன்றே தபாலில் போடுகிறேன்.

வீட்டுத் தூசியின் முடிவு இன்னும் வரவில்லை.

செல்வலட்சுமி


ஏழாயிரம்பண்ணை
26.07.2024

செல்வி,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. அதிகாரிகள் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டார்கள்.

மூன்று ஜீப். மருந்து அறையில் இரண்டு மூட்டை இருந்தது. கேட்டுக்குப் பூட்டுப் போட்டு அரக்கு வைத்துவிட்டுப் போனார்கள். தீபாவளிக்கு மூன்று மாதம் இருக்கிறது, ஆர்டர் எல்லாம் பாதியில் நிற்கிறது. அறுபத்திரண்டு பெண்கள் வேன் வருமா என்று காலையில் தூக்குவாளியோடு நின்றுவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள்.

சட்டைக் கதை ஊருக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை. தெரிந்துவிட்டது. நம் தெருவில் இருக்கும் பொன்மணி உனக்குத் தெரியும், திரி சுற்றுகிறவள், சுகிர்தாவை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிவாள். வாசலில் வந்து நின்றாள். கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள். "ஏண்ணே, ஒங்க வீட்டம்மா சட்டையை வெளுக்கக் கொண்டு போனாகளா, எங்க வயித்துல அடிக்கக் கொண்டு போனாகளா?"

பச்சை உப்பைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை. பிள்ளைக்குப் பதினேழு என்று சொல்லிவிட்டுப் போனாய். ஈயம் என்று சொல்லிவிட்டுப் போனாய். வேறு எதையோ கண்டுபிடித்துக் கம்பெனியை மூடியிருக்கிறாய்.

இனிமேல் எழுத வேண்டாம். வீட்டுத் தூசி முடிவு வந்தால் அதை மட்டும் அனுப்பு.

முனியராஜ்


விருதுநகர்
19.08.2024

சுகிர்தா அப்பாவுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். ஆனாலும் எழுதுகிறேன்.

ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோவிலுக்குப் பிள்ளையைக் கூட்டி வரச் சொல்லி சின்னத்தாய் மதினி பக்கத்து வீட்டுப் போனிலிருந்து பேசினார்கள். நான் அனுப்பவில்லை. கூட்டம், தூசி என்று ஏதோ காரணம் சொன்னேன். மதினி, "சரிம்மா, நீ சொன்னாச் சரியா இருக்கும்" என்று வைத்துவிட்டார்கள். திட்டியிருந்தால் தேவலை.

இங்கே வேலை நிறைய. உங்கள் பக்கத்து ஊர்களிலிருந்து நூற்று நாற்பது பிள்ளைகளின் ரத்தம் வந்து குளிர்பெட்டியில் காத்துக் கிடக்கிறது. கருவியில் ஒரு பாகம் போய்விட்டது, பத்து நாள் சும்மா நின்றது. நான் காலை எட்டரைக்குப் போனால் திரும்ப ஏழு ஆகிறது. சுகிர்தா ஸ்கூல் விட்டு வந்ததும் வீட்டுக்கார அம்மா வள்ளித்தாய் பார்த்துக்கொள்கிறார்கள். முன்னைக்கு இப்போது பேச்சு குறைந்திருக்கிறது. சனிக்கிழமையானால் ஜன்னலை விட்டு நகர மாட்டேன் என்கிறாள். அப்பா பைக் எப்போது வரும் என்று கேட்பாள். அப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டாள், நிற்பதை மட்டும் நிறுத்தவில்லை.

குளித்துவிட்டு வேறு உடுப்பில் பஸ்ஸில் வாருங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொன்னால் வருவீர்களா என்று தெரியவில்லை.

செல்வலட்சுமி


ஏழாயிரம்பண்ணை
08.09.2024

செல்வி,

கம்பெனியைத் திறந்துவிட்டார்கள். ஐந்து வாரம் போனது. என்னை மறுபடி சேர்த்துக்கொண்டார்கள், போர்மேனாக இல்லை. குடோனில் லோடு ஏற்றுகிறேன். முதலாளி கோபப்படவில்லை. "முனியராஜ், கொஞ்ச நாள் மருந்து பக்கம் வராம இரு" என்று மட்டும் சொன்னார். பெண்கள் எனக்குச் சட்டைக்கார அண்ணன் என்று பெயர் வைத்துவிட்டார்கள். எதிரே கூப்பிடுவதில்லை, காதில் விழுகிறது.

போன சனிக்கிழமை பைக்கை எடுத்துக்கொண்டு சாத்தூர் வரை வந்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டீ குடித்தேன். குளித்துவிட்டுத்தான் வந்தேன், புதுச் சட்டைதான். நீ கதவைத் திறந்து என் சட்டையைப் பார்ப்பாய், முகத்தைப் பார்க்க மாட்டாய் என்று தோன்றியது. திரும்பிவிட்டேன்.

ஒன்று கேட்கிறேன். வீட்டுத் தூசியை எடுத்துக்கொண்டு போய் இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. சட்டை மூன்று வாரத்தில் வந்ததே, தூசிக்கு என்ன? போன வாரம் அந்த ஆய்வாளரை வெம்பக்கோட்டையில் பார்த்தேன். கேட்டதற்கு, "வந்திருக்குமே, உங்க வீட்டம்மாகிட்டக் கேளுங்க" என்றார்.

கேட்கிறேன்.

முனியராஜ்


விருதுநகர்
14.09.2024

சுகிர்தா அப்பாவுக்கு,

கருவி பழுதானதில் பழைய மாதிரிகள் எல்லாம் வரிசை மாறிக் கிடக்கின்றன. தேடிப் பார்த்துச் சொல்கிறேன்.

இருபத்து மூன்றாம் தேதி சுகிர்தாவுக்கு மறுபடி ரத்தம் எடுக்கப்போகிறோம். மூன்று மாதமாக அவள் என்னோடு மட்டுமே இருக்கிறாள், அதனால் நிச்சயம் குறைந்திருக்கும். குறைந்ததும் உட்கார்ந்து பேசலாம். அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

செல்வலட்சுமி


விருதுநகர்
02.10.2024

மாமாவுக்கு,

இன்று காந்தி ஜெயந்தி, ஆய்வகம் லீவு. மூன்று நாளாக எழுதிக் கிழித்த கடிதத்தை இன்றாவது முடிக்க வேண்டும்.

சுகிர்தாவுக்கு இருபத்தாறு.

முதலில் கருவிதான் தப்பு என்று நினைத்தேன். மூன்று முறை ஏற்றினேன். இருபத்தாறு, இருபத்தைந்தரை, இருபத்தாறு. லட்சுமிகாந்தம் மேடம் என் பின்னால் வந்து நின்று பார்த்தார்கள்.

"பிள்ளை மூணு மாசமா எங்க இருந்துச்சு, செல்வலட்சுமி?"

"என்கிட்டதான் மேடம்."

"அப்ப உன் வீட்டைத்தான் பார்க்கணும்."

அவர்கள் சொன்னது அவ்வளவுதான். நான் மூன்று மாதமாகச் சொல்லிக்கொள்ளாதது அது.

அன்று சாயங்காலம் கையுறை போட்டுக்கொண்டு, அடுத்தவர் வீட்டில் எடுப்பதைப் போலவே என் வீட்டில் எடுத்தேன். குடிதண்ணீர், மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், அவள் விளையாட்டுச் சாமான். எதிலும் ஒன்றும் இல்லை. அவள் மெத்தையைத் தட்டி எடுத்த தூசியில் ஈயம் நிறைய இருந்தது. அப்புறம் ஜன்னல் கட்டையின் பெயின்ட். பத்து லட்சத்துக்குத் தொண்ணூறு பங்கு வரை இருக்கலாம் என்பது சட்டம். எங்கள் ஜன்னலில் பதினெட்டாயிரத்து நானூறு.

பழைய வீடு. முப்பது நாற்பது வருஷமாக ஒன்றன்மேல் ஒன்றாக அடித்த பச்சைப் பெயின்ட். உங்களுக்கு நினைவிருக்கும், சித்திரை லீவில் பிள்ளைக்கு அறை பளிச்சென்று இருக்கட்டும் என்று அதை நானே உப்புத்தாள் வைத்துத் தேய்த்து, மேலே மஞ்சள் அடித்தேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை தேய்த்தேன். வீடெல்லாம் தூசி பறந்தது. அவள் அதே அறையில் உட்கார்ந்து, தரையில் கிடந்த பொடியை விரலால் தொட்டுக் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என் ரத்தத்தில் ஆறு இருந்ததற்கும் அதுதான் காரணம். ஆய்வகத்தில் என்னோடு வேலை செய்கிற யாருக்கும் இரண்டைத் தாண்டவில்லை. அதையாவது யோசித்திருக்கலாம்.

பதினேழு எப்படி இருபத்தாறு ஆனது என்று கேட்பீர்கள். முன்பு வாரத்தில் இரண்டு நாளாவது அவள் இந்த வீட்டில் இல்லை. நான் அதை நிறுத்தினேன். சனிக்கிழமைதோறும் உங்கள் பைக்குக்காக ஜன்னல் கட்டையில் வாயை வைத்துக்கொண்டு நின்றாள். மஞ்சள் பெயின்ட் பெயர்ந்து உள்ளே பச்சை தெரிகிற இடத்தில் அவள் பல் பட்ட தடம் இருக்கிறது. நான் அதை இப்போதுதான் பார்த்தேன்.

இன்னொன்று இருக்கிறது. இதைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் என்றைக்கும் கண்டுபிடிக்க முடியாது. ஆனாலும் சொல்கிறேன். ஏழாயிரம்பண்ணை வீட்டுத் தூசியின் முடிவு ஜூலை பதினொன்றாம் தேதியே வந்துவிட்டது. சுத்தம். கிணற்றுத் தண்ணீரும் சுத்தம். ஆய்வாளர் சரியாக எடுத்திருக்க மாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வரவில்லை என்று உங்களுக்கு எழுதினேன். தேடுகிறேன் என்று எழுதினேன். தாள் என் மேஜை டிராயரில்தான் இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் பிள்ளையை அங்கே அனுப்பியிருக்க வேண்டும், உங்களிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். சட்டை விஷயத்துக்குப் பிறகு எனக்கு அது முடியவில்லை. மதினியிடம் சொல்லுங்கள், அவர்கள் சோற்றில் ஒன்றும் இல்லை.

வள்ளித்தாய் அம்மாவிடம் சொன்னேன். அழுதுவிட்டார்கள். "வாய் வார்த்தையாவே இருந்துட்டுப் போகட்டும்மா. நீ எழுதிக் குடுத்துட்டேன்னா எவன் குடி வருவான்? பெயின்டை நானே சுரண்டிப்புடுதேன்" என்றார்கள். சுரண்டினால்தான் ஆபத்து என்றேன். அவர்களுக்கு விளங்கவில்லை. பின்போர்ஷனில் தனுஷ்கோடி அண்ணன் குடும்பம், இரண்டு பெண் பிள்ளைகள். அவர்களிடம் இன்னும் சொல்லவில்லை. ஜன்னல் மாதிரியைப் பதிவேட்டில் எண் போட்டு ஏற்றினேன். எடுத்த இடம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

சனிக்கிழமை வந்து பிள்ளையை அழைத்துக்கொண்டு போங்கள். எந்தச் சட்டையானாலும் சரி.

செல்வி


ஏழாயிரம்பண்ணை
11.10.2024

செல்வி,

பிள்ளையை அழைக்க வந்த அன்றைக்கு உன் வீட்டு வாசலில் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. நீ பிள்ளையின் உடுப்பை எல்லாம் புதிதாக வாங்கி வைத்திருந்தாய், பழையதில் ஒன்றுகூட வேண்டாம் என்றாய். நான் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வாசலில் பேசியிருந்தால் வாயில் என்ன வந்திருக்குமோ. அதனால் இப்போது எழுதுகிறேன்.

உன் கடிதத்தை வாசித்த அன்று எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை. சந்தோஷம். நான் இல்லை, என் வீடு இல்லை என்ற சந்தோஷம். இருபத்தாறு என்று எழுதியிருக்கிறாய், என் பிள்ளைக்கு, நான் சந்தோஷப்பட்டேன். கொஞ்ச நேரம்தான். அப்புறம் என்னையே எனக்குப் பிடிக்கவில்லை. கோபம் அதற்குப் பிறகு வந்தது. டிராயர் விஷயத்துக்கு இன்னும் இருக்கிறது. போகும்போது போகட்டும்.

நானும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த இரண்டு மூட்டையை இறக்கியது நான். முதலாளி வாங்கினார், கலவையில் சேர்க்கச் சொன்னது நான். பச்சை உப்பு இல்லாமல் அந்த வெளிச்சம் வராது, எல்லாக் கம்பெனியும் செய்கிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதைத் தொட்ட பெண்களில் பொன்மணியும் ஒருத்தி. வயிற்றில் அடித்தவள் நீயா என்று அவள் கேட்டபோது நான் வாயைத் திறக்கவில்லை. உன்மேல் போகட்டும் என்று விட்டுவிட்டேன். நேற்று அவளிடம் சொன்னேன். "அப்ப எங்க ரத்தத்தையும் பாப்பாகளாண்ணே?" என்று கேட்டாள். கேட்டுச் சொல்.

வீட்டுக்கார அம்மா பாவம்தான். ஆனால் அந்தக் கட்டத்தை நிரப்பு. என் ஊர்ப் பெயரை எழுதிய கைதானே. தனுஷ்கோடி வீட்டில் முதலில் போய்ச் சொல். என்னை ஊர் பேசியதுபோல் உன்னைத் தெரு பேசும். கொஞ்ச நாள் பேசும்.

நீயும் அந்த வீட்டில் இருக்காதே. வேறு இடம் பார்.

அக்காவிடம் அந்த முடிவை வாசித்துக் காட்டினேன். பிள்ளைக்கு முட்டை அவித்துக்கொண்டிருந்தாள்.

முனியராஜ்


விருதுநகர்
27.11.2024

மாமாவுக்கு,

திங்கட்கிழமை சாத்தூரில் எடுத்த பிள்ளையின் ரத்தத்தில் பதினெட்டு. இறங்கியிருக்கிறது. இன்னும் ஆறு மாதமோ ஒரு வருஷமோ ஆகலாம், எலும்பில் இருப்பது மெதுவாகத்தான் வெளியே வரும் என்கிறார் டாக்டர்.

பெண்கள் விடுதியில் இருக்கிறேன். அறையில் மூன்று கட்டில், ஒரு மின்விசிறி. கட்டத்தை நிரப்பிவிட்டேன். தனுஷ்கோடி அண்ணனின் சின்னப் பிள்ளைக்கு இருபத்து நாலு வந்தது. அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். நான் சொல்லத் தாமதித்த நாட்களை எண்ணிக்கொண்டு நின்றேன். அவர்கள் காலி செய்துவிட்டார்கள். வள்ளித்தாய் அம்மா என்னோடு பேசுவதில்லை. வீடு பூட்டிக் கிடக்கிறது.

பொன்மணியும் மற்றப் பெண்களும் ரத்தப் பரிசோதனைக்கு ஜனவரியில் வரலாம். மேடம் ஒத்துக்கொண்டார்கள். அந்த நூற்று நாற்பது பிள்ளைகளில் முப்பத்தொரு பேருக்கு ஐந்தைத் தாண்டியிருக்கிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் போய்த் தேட வேண்டும். இந்த முறை முன்கூட்டியே எதையும் முடிவுகட்டிக்கொண்டு போக மாட்டேன்.

வாரத்துக்கு ஒரு நாள் வருகிற ஆளாக நான் ஆகிவிட்டேன். போன சனிக்கிழமை அவளிடம் ஆனா ஆவன்னா சொல்லச் சொன்னேன். ஈயன்னாவில் நின்றுவிட்டாள். ஜூன் மாதம் பன்னிரண்டும் சொன்னவள். நான் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை என்று நினைத்தேன், நீங்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பஸ்ஸில் வரும்போது முழுக்க அதே நினைப்புத்தான். அது என்னால் போனதா மாமா?

செல்வி


ஏழாயிரம்பண்ணை
03.12.2024

செல்வி,

நேற்று அங்கன்வாடி டீச்சரைப் போய்ப் பார்த்தேன். விஷயத்தைச் சொல்லாமல் பொதுவாகத்தான் கேட்டேன். "சொன்னதச் சொன்ன ஒடனே மறந்துருதா, சில நாளு நல்லாச் சொல்லுதா. இந்த வயசுல எல்லாப் பிள்ளையும் அப்படித்தான். வீட்ல கொஞ்சம் பாத்துக்கோங்க" என்றார். எல்லாப் பிள்ளையும் அப்படித்தான் என்பதைக் கேட்டு நிம்மதியாக வெளியே வந்தேன். வீட்ல பாத்துக்கோங்க என்றது தெருமுனைக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

ஈயத்தால் மறந்தாளா, ஊர் மாறி ஸ்கூல் மாறியதால் மறந்தாளா, அன்றைக்குத் தூக்கம் வந்ததால் மறந்தாளா, எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. உன் கருவிக்கும் தெரியாது. பத்தாவதில் ஒரு கணக்குத் தப்பினாலும் நமக்கு இந்தச் சந்தேகம் வரும். கல்யாணத்துக்குப் பிறகு அவள் அடுப்பில் பாலை மறந்தாலும் வரும். இதை இறக்கிவைக்க ஓர் இடம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அவள் நின்றதும் நீ என் முகத்தைப் பார்த்தாய், நான் உன் முகத்தைப் பார்த்தேன். அதை அவளும் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் வாயை மூடிக்கொண்டாள். அதை மாற்றுவது நம்மால் முடிந்த விஷயம். இனி அவள் எதையாவது மறந்தால் நீ என்னைப் பார்க்காதே. நானும் உன்னைப் பார்க்க மாட்டேன். அவளைப் பார்ப்போம்.

சனிக்கிழமை நாலரை மணி பஸ்ஸில் வா. ஏழாயிரம்பண்ணை பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம், சாத்தூரில் பைக்கோடு நிற்கிறோம்.

முனியராஜ்